மழை பெய்யாத வருஷத்துக் காய்ச்சல்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு நீல டிரம் இருக்கிறது. 200 லிட்டர் பிடிக்கும். 2019 கோடையில் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது. முன்ஜென்மத்தில் அது ஏதோ ஊறுகாய்க் கம்பெனியில் இருந்திருக்க வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் முதல் ஒரு மாதம் குளிக்கிற தண்ணீரில் எலுமிச்சை ஊறுகாய் வாசம் அடித்தது. யாரும் குறை சொல்லவில்லை. தண்ணீர் என்று ஒன்று வந்தாலே போதும் என்று இருந்த வருஷம் அது.

அப்போது சென்னையில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் தரை தட்டிவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. டிவியில் அதை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி காட்டினார்கள். எங்கள் தெருவுக்கு லாரிதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு நாளைக்கு ஒருமுறை. எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்தோம். டிரம், அண்டா, தவலை, பெயிண்ட் வாளி, கல்யாணச் சீர்வரிசையில் வந்து இருபது வருஷமாகப் பரணில் தூங்கிய பித்தளைக் குடம் வரைக்கும்.

ஆகஸ்டில் ஒருநாள் கொசு ஒழிப்புப் பணிக்கு வரும் அக்கா ஒருவர் வந்தார். தோளில் பை, கையில் டார்ச். நேராகப் பின்கட்டுக்குப் போய் டிரம்மின் மேல் கிடந்த பலகையை நகர்த்தினார். மூடி கிடையாது, பலகைதான்.

“சார், இங்க வந்து பாருங்க.”

எட்டிப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் அடி வரைக்கும் தெரிந்தது. மேல்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நூல் துணுக்குகள், நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே போயின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மூச்சு வாங்க மேலே வந்தன. பத்து இருபது இல்லை, நூற்றுக்கணக்கில்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கேம்மா தண்ணி! இதுல எப்படி வரும்?”

“தெளிவா இருக்கறதாலதாம்மா வருது. சாக்கடையில வர்றது வேற கொசு.”

சரி, கீழே ஊற்றிவிடலாம் என்று நான் டிரம்மைச் சாய்க்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 200 லிட்டர். அடுத்த லாரி எப்போது வரும் என்று தெரியாது. அந்த அக்காவுக்கும் புரிந்தது. அவர் வீட்டிலும் அதே கதைதானே. கடைசியில் அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, இருக்கிற பாத்திரங்களிலெல்லாம் தண்ணீரை மாற்றினோம். காலியான டிரம்மை நான் குழாயடிக்குக் கொண்டுபோகும்போது அக்கா நிறுத்தினார். உள்சுவரில், தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

“இதுதான் சார் முட்டை. காஞ்சாலும் சாகாது. நீங்க கழுவி ஊத்திட்டு மறுபடி தண்ணி பிடிச்சீங்கன்னா அப்படியே பொரிஞ்சிடும். தேங்காநார் போட்டுத் தேய்க்கணும்.”

பத்து நாள் கழித்து எனக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகை உடைத்துப்போட்ட மாதிரி இருந்தது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு. எங்கள் டிரம்மில் பிறந்த கொசுவா, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் பிறந்ததா, ஆபீசில் கடித்ததா, யாருக்குத் தெரியும்? பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். ஒரு மாமா பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தார். டாக்டர் சொன்னது தண்ணீர் நிறையக் குடி, பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடாதே, அவ்வளவுதான். அந்த வருஷம் ‘தண்ணீர் நிறையக் குடி’ என்பதே கொஞ்சம் ஆடம்பரமான மருந்தாகத் தெரிந்தது.

படுத்துக் கிடந்த நாட்களில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மழைக்காலத்தில் டெங்கு வரும், சரி. ஊரே தண்ணீருக்கு அலையும் வருஷத்தில் எப்படி வந்தது?

அந்தக் கேள்வியோடு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டரும் இல்லை, பூச்சியியல் படித்தவனும் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் இப்போது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கொசு நோய் என்றதும் நாம் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறோம். பார்க்கவேண்டியது வானத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் குழாயையும் குடத்தையும் கிணற்றையும் ஆற்றையும்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு வீட்டுக் கொசு. மனுஷ ரத்தம், மனுஷன் பிடித்துவைத்த தண்ணீர், மனுஷன் ஆணியில் மாட்டிய சட்டையின் நிழல், இந்த மூன்றும் இருந்தால் அதற்குப் போதும். பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்து முடித்துவிடும். முட்டையைத் தண்ணீருக்குள் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் இறங்கினால் முட்டை காய்ந்து அப்படியே மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த முறை மட்டம் ஏறி நனைந்ததும் பொரியும். மழை வருவதும் போவதுமாக இருக்கும் நாட்டில் பிழைப்பதற்கென்றே அமைந்த ஏற்பாடு. லாரித் தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கும் தெருவுக்கும் அதே ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நாம் நான்கு நாளைக்கு ஒருமுறை டிரம்மை நிரப்பி, நடுவில் குறைத்து, மறுபடி நிரப்பும்போது, அதன் முட்டைக்கு வாரம் ஒரு மழை பெய்து கொடுக்கிறோம்.

தமிழ்நாட்டுக் கதையையே பாருங்கள். 2012-ல் டெங்கு பெரிதாகப் பேசப்பட்டது கடையநல்லூரில். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குப் பல மாதம் முன்னால், கோடையில். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் 2017-ல் அரசுக் கணக்குப்படியே 23,000 பேருக்கு மேல் டெங்கு. இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் 2017-ல் நடுவில் நல்ல மழையும் பெய்தது. அதனால் வறட்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பிரேசிலில் இதைப் பல வருஷத்துக் கணக்கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கன மழைக்குப் பின் டெங்கு கூடுவது தெரிந்ததுதான். கடும் வறட்சிக்குப் பிறகும் மூன்றிலிருந்து ஐந்து மாதம் கழித்து டெங்கு கூடியிருக்கிறது. அதிலும் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில்தான் அதிகம். வறட்சி ஊருக்கெல்லாம் பொதுவாக வந்தாலும், குழாய் நிற்காத ஊரில் அது கொசுவாக மாறுவது குறைவு. இதைப் படித்தபோது எங்கள் டிரம் கண்முன் வந்து நின்றது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2006. என் அப்பத்தா.

விருதுநகர் மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. கரிசல் பூமி. அங்கே வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விடுவார்கள். விடுகிற ராத்திரி ஊரே முழித்திருக்கும். அப்பத்தா வீட்டு முற்றத்தில் இடுப்பளவு சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. அதுதான் வீட்டின் பேங்க் லாக்கர் மாதிரி. அந்த வருஷம் ஒரே மாதத்தில் தெருவில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நடந்த பொம்பளை, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நடந்ததைப் பார்க்க முடியவில்லை. “எலும்புக்குள்ள யாரோ உக்காந்து அரம் போட்டு ராவுறாகப்பா” என்பார். பெயர் சிக்குன்குனியா என்று செய்தியில் வந்தது. ‘சிக்கன்’ என்று காதில் விழுந்ததால் கோழி தின்றால்தான் வருகிறது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, கோழிக்கடைக்காரர் இரண்டு மாதம் ஈ ஓட்டினார்.

அந்தப் பெயர் இன்றைய தான்சானியாவில் இருக்கும் மகோண்டே மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1952-53-ல் அங்கேதான் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். ‘வளைந்து போவது’ என்பது போன்ற பொருள். ஆளைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு 1964-லேயே வந்து போயிருக்கிறது. 1973-க்குப் பிறகு இந்தியாவில் முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு தலைமுறை முழுக்க அந்த வைரஸையே பார்க்காமல் வளர்ந்துவிட்டது. பிறகு 2006-ல் மட்டும் நாடு முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு.

அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் கென்யாவின் கடலோரத்தில் லாமு என்று ஒரு தீவு. 2004-ல் அங்கே ஊரில் முக்கால்வாசிப் பேரைப் பிடித்திருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் அந்தக் கரையில் மழை பெய்யவில்லை, வெயிலும் வழக்கத்தைவிட அதிகம். வீடுகளில் சேமித்த தண்ணீரை அடிக்கடி மாற்ற வழியில்லாமல் நாள்கணக்கில் வைத்திருந்ததும் அந்த வெயிலும் சேர்ந்துதான் நோயைக் கிளப்பியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து மொம்பாசா, 2005-ல் கொமொரோஸ், பிறகு ரீயூனியன் தீவு (அங்கே மூன்றில் ஒருவருக்கு வந்தது), அந்த வருஷக் கடைசியில் இந்தியா. லாமுவில் யாரோ ஒரு பாட்டி காப்பாற்றி வைத்திருந்த தண்ணீருக்கும், எங்கள் அப்பத்தாவின் சிமெண்ட் தொட்டிக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தது. வைரஸுக்கு அதைக் கடக்க இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

வறட்சி நோய் கொண்டுவரும் என்பதற்கு டிரம்மும் தொட்டியும் மட்டும்தான் வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையின் 1934-ஆம் வருஷத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் ஆறே டிரம்மாக மாறமுடியும் என்று தெரிந்தது.

இலங்கையை ஈரவலயம், உலர்வலயம் என்று பிரிப்பார்கள். தென்மேற்கில் மழை கொட்டும் பகுதி ஈரவலயம். வடக்கும் கிழக்கும் குளங்களை நம்பி வாழும் உலர்வலயம். மலேரியா என்றால் உலர்வலயத்து நோய். அங்கே வருஷாவருஷம் வரும், குழந்தைகள் செத்ததுபோகப் பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புசக்தி இருக்கும். ஈரவலயத்தில் மலேரியா அவ்வளவாகக் கிடையாது. மழை அதிகம் இருந்தும் ஏன் இல்லை? மழை அதிகம் இருப்பதால்தான். அங்கே மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு வெயில் படும், அசையாத, தெளிந்த தண்ணீர் வேண்டும். மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் களனி கங்கையும் கரை தொட்டு ஓடும்போது புழுவெல்லாம் கடலுக்குப் போய்விடும்.

1934-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் மெலிந்து, மெலிந்து, கடைசியில் ஓடுவதை நிறுத்தின. ஆற்றுப் படுகையில் பாறைக்குப் பாறை, மணல்திட்டுக்கு மணல்திட்டு, குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. மேலே வெயில். மைல்கணக்கில் நீண்டு கிடந்த அந்தக் குட்டைகளின் இரு கரையிலும் ஊர்கள். அக்டோபர் கடைசியில் தொடங்கிய காய்ச்சல் டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போனது. அப்போது இலங்கையின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். பதினைந்து லட்சம் பேருக்காவது காய்ச்சல் வந்தது. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் அடி அதிகம்.

கொசு மட்டும் 80,000 பேரைக் கொன்றுவிடவில்லை. அதே வறட்சியில் நெல்லும் போயிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பருக்கும் தேங்காய்க்கும் விலை இல்லை, கூலி வேலை இல்லை. காய்ச்சலுக்கு முன்பே பசி வந்து உட்கார்ந்துவிட்டது. மலேரியா மருந்தான குயினைனைக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், பசி இறங்காது. நிவாரணத்துக்குப் போன, ஆங்கில ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தின் இளைஞர்களும், டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க போன்றவர்களும் இதைக் கண்ணால் பார்த்தார்கள். மார்மைட் சத்துக் களிம்பை நாட்டு வைத்தியர் தரும் குளிகை மாதிரி உருட்டிக் கொடுத்தார்களாம். ஊர் மக்கள் நம்பிச் சாப்பிட வேண்டுமே! அந்த இளைஞர்களில் பலர்தான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள். நிவாரணம் கொண்டுபோன என்.எம். பெரேரா 1936-ல் கேகாலைப் பக்கத்து ருவன்வெல்லவில் நின்று, அன்றைய சட்டசபையான அரச சபைக்குத் தேர்வானார். ஓடாமல் நின்ற ஆறு அரசியலில் கொஞ்சம் ஓடியிருக்கிறது.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரே தீவு, ஒரே கொசு, வடக்கே மழை வந்தால் மலேரியா, தெற்கே மழை வராவிட்டால் மலேரியா என்ற இடத்தில் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறார்கள். ‘பருவநிலை மாறினால் நோய் கூடும்’ என்று ஒற்றை வரியில் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வருவது இதனால்தான். எந்த ஊரில், எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

வெப்பமும் அப்படித்தான். தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் சென்னையில் காலையில் புரை ஊற்றினால் மதியத்துக்குள் உறைந்து சாயங்காலம் புளித்துவிடும். கொடைக்கானலில் பாத்திரத்துக்குப் போர்வை சுற்றி வைத்தாலும் மறுநாள் தளதளவென்று இருக்கும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாலில் ஊற்றினால் உறையவே உறையாது. கொசுவின் வயிற்றுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைத் தராது. வைரஸ் அதன் குடலிலிருந்து பெருகி எச்சில் சுரப்பி வரை போகவேண்டும். 25 டிகிரியில் அதற்குச் சராசரியாக 15 நாள். 30 டிகிரியில் ஆறரை நாள். கொசுவின் ஆயுளே அதிகம் போனால் சில வாரம்தான் என்பதால், 25 டிகிரியில் பெரும்பாலான கொசுக்கள் நோயைக் கொடுப்பதற்குள் செத்துவிடும். 30-ல் பல கொசுக்கள் கொடுத்துவிட்டுத்தான் சாகும். டெங்கு பரவ எல்லாவற்றிலும் தோதான வெப்பம் 29 டிகிரி அளவில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 35-ஐ நெருங்கும்போது கொசுவே தள்ளாடும். மலேரியாவுக்கு இன்னும் கீழே, 25 டிகிரி பக்கம்.

அதனால் ஏற்கெனவே கொதிக்கும் ஊர் இன்னும் கொதிப்பதால் நோய் கூடவேண்டும் என்று கட்டாயமில்லை. குளிர்ந்த ஊர் வெதுவெதுப்பாக மாறுவதுதான் விஷயம். நேபாளத்தில் முதல் டெங்கு நோயாளி பதிவானது 2004-ல். 2022-ல் அங்கே 54,000 பேருக்கு மேல் டெங்கு. அதில் பெரும் பங்கு 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் காத்மாண்டு பள்ளத்தாக்கில். போர்வை சுற்றித் தயிர் உறைய வைத்த ஊர், இப்போது போர்வை இல்லாமலே உறைகிறது. (அங்கேயும் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வீட்டுக்கு வீடு தொட்டிதான்.)

சென்னை வெயிலில் கொசு செத்துவிடாதா என்று கேட்கலாம். வானிலை அறிக்கை சொல்லும் 40 டிகிரியில் கொசு உட்கார்ந்திருந்தால் சாகும். அது உட்கார்ந்திருப்பது கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பாத்ரூம் கதவின் மறைவில். நாம் பேன் போட்டு, தண்ணீர் தெளித்து, நமக்காகக் குளிர வைத்த வீட்டுக்குள்.

சென்னையின் இன்னொரு கொசுவையும் சொல்லவேண்டும், நமக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை என்றாலும். அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி. மலேரியாக் கொசுவில் பெரும்பாலானவை கிராமத்து ஆட்கள், வயலும் ஓடையும் வேண்டும். இது பட்டணத்துக் கொசு. வீட்டுக் கிணறும் மாடித் தண்ணீர்த் தொட்டியும் போதும். சென்னையில் பழைய வீடுகளின் கிணற்றுக்குக் கம்பிவலையும் சிமெண்ட் மூடியும் போடச் சொல்லி எத்தனையோ வருஷமாக ஆள் வந்து போவது இந்தக் கொசுவுக்காகத்தான். தாத்தா காலத்து வீட்டில் வாளி உள்ளே போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்த மூடி இருந்தது. ஆனால் அந்தக் கதவை யாரும் மூடியதே இல்லை.

அந்தக் கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிடும் நிலையில் இருந்த நாடு அது. அந்த வருஷம் மொத்தம் 27 நோயாளிகள்தான். 2020-ல் 73,000-க்கு மேல். 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில், மலேரியா வரக்கூடாத வறண்ட மாதங்களில் மலேரியா பரவியது. பல்கலைக்கழக விடுதி மாணவர்களையும் விடவில்லை. அங்கே சுற்றியிருந்த தண்ணீர்த் தொட்டிகளில் பார்த்தால் ஸ்டெஃபென்சி. மழைக்காலம் முடிந்தால் மலேரியாவும் முடிந்தது என்று மருந்தும் வலையும் திட்டமிட்டிருந்த ஊர்களுக்கு இது பெரிய இடி. இந்தக் கொசுவுக்குக் காலண்டரே கிடையாது, தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை எல்லா மாதமும் அதற்கு மழை மாதம்தான். இலங்கைக்கு 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. அந்த வருஷக் கடைசியிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் இதே கொசு பிடிபட்டது. 1934-ஐ மறக்காத நாடு என்பதால் உடனே விழுந்தடித்துக் கிணறு கிணறாகத் தேடினார்கள். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறது.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் என்று ஊர் ஊருக்கு அறிவிப்பு வருகிறது. தப்பென்று சொல்லவில்லை. கட்டடம் கட்டும் இடத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் தேக்கி வைத்திருப்பவருக்குப் போடட்டும், நன்றாகப் போடட்டும். ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுவிட்டு, அதைப் பிடித்து வைத்த பொம்பளைக்கு அபராதம் போடுவதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொசு வளர ஏழெட்டு நாள் போதும் என்றால், தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற ஊரில் டிரம்மை எந்த நாளில் காலி செய்வது? அப்புறம் அந்தப் புகை மருந்து. சாயங்காலம் தெருவில் வண்டி வந்து வெள்ளைப் புகை விட்டால் வேலை நடந்த மாதிரி எல்லாருக்கும் திருப்தி. பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். நாமோ புகை வருகிறது என்று ஜன்னலைச் சாத்துவோம். கொசு வீட்டுக்குள் சட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

தேங்காநார்தான் உருப்படியான ஆயுதம் என்று நான் இப்போது நம்புகிறேன். அந்த அக்கா சொல்லிக்கொடுத்த படி வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் டிரம் தேய்க்கும் நாள். சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அம்மா வைத்திருக்கிறாள். மிச்சத் தண்ணீரைச் செடிக்கும் வாசலுக்கும் ஊற்றிவிட்டு, ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டு, உள்ளே பாதி உடம்பை நுழைத்து நான் தேய்ப்பேன். சுவரில் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்து அம்மா சரிபார்ப்பாள். மூடி வாங்கியாகிவிட்டது. மூடிக்குக் கீழே ஒரு பழைய புடவைத் துணியை இழுத்துக் கட்டிச் சுற்றிலும் ரப்பர் பட்டை போட்டிருக்கிறோம்.

போன வாரம் வெள்ளிக்கிழமை தேய்க்கவில்லை. அதற்கு முந்தின இரண்டு நாளாகக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நான் நாரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். துணியை விலக்கி டிரம்முக்குள் கையை விட்டாள். முழங்கை நனையவில்லை, மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரைதான் எட்டியது.

“இன்னும் மூணு நாளைக்கு இழுத்துப் பிடிச்சா வரும்” என்றாள். “நாரை அங்கயே வை. தண்ணி வரட்டும்.”